கான் டுஹிக் இழுத்த மூச்சு

1884ஆம் ஆண்டு மே மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குச் சற்று முன்புவரை ஸ்லேட்டர்ஸ் பெண்டில் நாற்றம் இல்லை. மெல்பர்ன் நகரத்தில் யாரா ஆறு வளைந்து திரும்பும் அந்தப் பள்ளத்தில் அப்போது பதினோரு தோல் தொட்டிகளும், கம்பளி அலசும் கொட்டகைகள் நான்கும், கொழுப்புக் காய்ச்சும் கொப்பரைகளும், எலும்பைக் கொதிக்கவைத்துப் பசை எடுக்கும் ஆலை ஒன்றும், நகரத்து மலவண்டிகள் வந்து கொட்டும் கிடங்கு ஒன்றும் இருந்தன. சனிக்கிழமை அரைநாள் விடுமுறை ஆட்களுக்குத்தான், தொட்டிகளுக்கு இல்லை. தோல் ஊறிக்கொண்டிருந்தது, கொழுப்பு கொதித்துக்கொண்டிருந்தது, ஆற்றில் ஆட்டுக்குடல் வழக்கம்போல் மிதந்து போய்க்கொண்டிருந்தது. நாற்றத்தை மட்டும் காணவில்லை. வேலியோரம் நின்று பந்தாட்டம் பார்த்த நாலாயிரம் பேரில் ஒன்பது பேர் மயங்கி விழுந்தார்கள். சுத்தமான காற்றை அவ்வளவு நேரம் இழுத்து அவர்களுக்குப் பழக்கமில்லை. கசாப்புக்கடை மிஸஸ் ஹொராகன் ஏதோ அழுகின வாடை வருகிறது என்று சொல்லி வாந்தி எடுத்தாள். அது மைதானத்துப் புல்லின் வாசம்.

முதல் இரண்டு வாரம் காற்றுத் திசை மாறியதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் எங்கள் அணி கடலோரத்து மைதானம் ஒன்றில் ஆடப் போனது. அன்று பெண்ட் எப்போதும்போல் நாறியது, அங்கே கடல்வாடை காணாமல் போனது. அதற்குப் பிறகுதான் இது கான் டுஹிக்கின் வேலை என்று தெரிந்தது. கானுக்கு அப்போது இருபது வயது. தோலிலிருந்து மயிர் சுரண்டும் வேலை, ஆறடி இரண்டங்குலம், பேச்சு குறைவு. எங்கள் ஆட்டத்தில் உதைத்து வரும் பந்தை ஆகாயத்தில் தாவிப் பிடித்தவனை யாரும் தொடக்கூடாது, அவன் நின்று நிதானமாக உதைக்கலாம். கான் தாவுவதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பான். எதிராளியின் தோளுக்கு மேலே முழங்கால் போகும் அளவுக்கு எழும்புவான். மேலே போய்ப் பந்தைப் பிடிக்கும்போது பெண்டின் நாற்றம் மொத்தமும் அவன் மூக்கு வழியாக உள்ளே போய்விடும். கீழே இறங்கிய பிறகு வெளியே விடமாட்டான், விடவும் தெரியாது. ஆட்டம் முடிந்து மணியடிக்கும்போது அவன் முகம் ஈயம்போல் இருக்கும். பத்தடிக்குள் யாரும் நிற்கமுடியாது. சக ஆட்டக்காரர்கள் அவனை மைதானத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இந்த மரியாதைதான் அவன் ஆடிய ஒன்பது பருவங்களும் எங்கள் ஊர் அவனுக்குச் செய்தது.

ஊருக்கு அது இரண்டு மணிநேரச் சொர்க்கம். பெண்கள் சனிக்கிழமைக்கென்றே துணி துவைத்து வைத்திருந்து அந்த நேரத்தில் உலர்த்தினார்கள். கல்யாணம், ஞானஸ்நானம், பிணம் எடுப்பது எல்லாம் ஆட்ட நேரத்துக்கு மாறின. பாதிரியார் மட்டும் முணுமுணுத்தார், அவரும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் முணுமுணுத்தார். ஆனால் இதில் உண்மையாகக் கொழுத்தவர் ஆம்ப்ரோஸ் ஃபிட்ச். பசை ஆலை அவருடையது, கொப்பரைகள் அவருடையவை, பந்தாட்டக் கழகத்தின் தலைவரும் அவரே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கும் கிளேர்மான்ட்காரர்கள், நாற்றம் தாங்கவில்லை, தொட்டிகளை ஊருக்கு வெளியே தூக்குங்கள் என்று வருடத்துக்கு ஒரு மனு போடுவார்கள். விசாரிக்க டிரெஸ்காட் என்று ஒரு சுகாதார ஆய்வாளர் வருவார். ஃபிட்ச் அவரைச் சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச்சொல்லி, மைதானத்தில் நல்ல நாற்காலி போட்டு, கையில் ஆட்டிறைச்சி அடைத்த சூடான ரொட்டியும் கொடுத்து உட்காரவைத்துவிடுவார். டிரெஸ்காட் நாலு பக்கமும் திரும்பி மூக்கை உறிஞ்சிப் பார்த்து, 'குறிப்பிடும்படி வாடை ஏதும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார். தொட்டிக்கு மூடி போட வேண்டிய வேலையை ஒரு மனிதனுடைய நெஞ்சுக்கூடு செய்துகொண்டிருந்தது. இதைத் தந்திரம் என்று சிரித்தோம்.

ஆரம்பத்தில் கான் சோடாக்காரமும் கார்பாலிக் சோப்பும் போட்டுத் தேய்த்துக் குளித்தால் செவ்வாய்க்கிழமைக்குள் நாற்றம் அடங்கிவிடும். கோடையில், ஆட்டமில்லாத மாதங்களில், அவன் மற்றவர்களைப்போல ஒரு மனிதன். அப்படி ஒரு கோடையில், 1886 பிப்ரவரியில், ஜாம் ஆலையில் பழம் நறுக்கும் டீலியாவைக் கல்யாணம் செய்துகொண்டான். டீலியா லேசுப்பட்டவள் இல்லை. முதல் வருடம் ஆரஞ்சுத் தோலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே படுத்தாள். இரண்டாம் வருடம் நாற்றம் வியாழன்வரை நின்றது. மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமையின் நாற்றம் போவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்த கோடைகளிலும் போகவில்லை. அவள் வயிற்றில் ஒரு கவளம் சோறு தங்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. எலும்பும் தோலுமாகப் போனவளை வைத்தியர் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் இன்னொரு குளிர்காலம் இருந்தால் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வேண்டியதுதான் என்று சொன்னார். 1888 செப்டம்பரில் அவள் கைனெடனில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்ல, கான்," என்றாள் ரயிலடியில், மூக்கைப் பொத்தாமல். "மேல மேல அடைச்சுக்கிட்டே இருந்தா, கீழ கெடக்கிறது எப்படி வெளிய வரும்? நீ தாவுறதை நிறுத்து. அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவளோடு ஒரே கூரையின் கீழ் படுக்க வேண்டும். கானுக்கு அதற்குப் பிறகு வேறு ஆசை எதுவும் இருந்ததாக யாருக்கும் தெரியாது.

1889 ஏப்ரலில் அவன் கழகத்துக்குப் போய் இனி ஆடவில்லை என்றான். ஃபிட்ச் மறுத்துப் பேசவே இல்லை. கைகுலுக்கினார், அப்புறம் கையைக் கழுவிக்கொண்டார். தொட்டி ஆட்கள் காதில் மட்டும் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். மறுநாள் காலை நாற்பது பேர் கான் வீட்டு வாசலில், பத்தடி தள்ளி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்காகப் பேச வந்தவன் தோல் வண்டிக்காரன் ஓவன் ஸ்பில்லேன். கானும் அவனும் ஒரே தெருவில் பிறந்தவர்கள்.

"டேய் கான், நீ தாவலேன்னா தொட்டியை மூடிருவாங்கடா. எங்க அடுப்புல பூனை தூங்கும்."

"என் பொண்டாட்டி அங்க தனியாக் கெடக்காடா, ஓவன்."

"உன் பொண்டாட்டிக்கு மூக்கு இருக்கு, ஒத்துக்கறேன். எங்க புள்ளைங்களுக்கு வயிறு இருக்குல்ல?"

கான் வாசலிலிருந்து திரும்பினான். உள்ளே போய்ப் பூட்ஸை எடுத்துக்கொண்டு வந்தான். நாற்பது பேரும் கைதட்டினார்கள், மூக்கிலிருந்து கையை எடுக்க வேண்டியிருந்ததால் கொஞ்ச நேரம்தான்.

அடுத்த வருடம் அவன் கிளேர்மான்ட் அணிக்கு மாற அனுமதி கேட்டான். மேட்டில் சுத்தக் காற்று, அங்கே எத்தனை தாவினாலும் உள்ளே போக ஒன்றுமில்லை என்பது அவன் கணக்கு. பந்தாட்டச் சங்கத்தின் விதிப்படி ஆட்டக்காரன் எந்தப் பகுதிக்கு ஆடுகிறானோ அந்தப் பகுதியில் குடியிருக்க வேண்டும். கிளேர்மான்டில் இருபத்தாறு வீட்டுக் கதவைத் தட்டினான். இருபத்தைந்து கதவு அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே மூடியது. இருபத்தாறாவது வீட்டில் ஆளில்லை. திரும்பி வந்தால் பெண்டில் அவன் வாடகை வீட்டுக்காரியும் சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டாள். இப்போது கழகம் பதறியது, கான் பெண்டில் குடியில்லையென்றால் பெண்டுக்கும் ஆடமுடியாதே! நிர்வாகக் குழு இரண்டு மணிநேரம் கூடிப் பேசி, மலக்கிடங்கை ஒட்டிய தகரக் கொட்டகையை அவனுக்கு ஒதுக்கியது. ஒரு மாதத்தில் மலவண்டிக்காரர்கள் கொட்டகைப் பக்கம் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம் என்று இதையும் மதுக்கடையில் வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்தோம். அந்த வருடம் அவன் தாவிப் பிடித்த பந்துகள் நூற்றுப் பதினெட்டு. பத்திரிகைக்காரர்கள் அவனை மேகத்தில் குடியிருப்பவன் என்று எழுதினார்கள். அவர்களில் ஒருவரும் கொட்டகைக்குப் போய்ப் பார்த்து எழுதவில்லை.

1892 செப்டம்பரில் டீலியாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கானுக்குப் படிக்க வராது, ஓவன்தான் கொட்டகைக்கு வெளியே நின்று உரக்கப் படித்தான், அதனால் ஊருக்கே தெரிந்தது. பதினேழாம் தேதி கிளேர்மான்டோடு கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன், ரயில்பாதைப் பக்கத்து வேலியில் நிற்பேன். ஒரே ஒரு தடவை தாவினாலும் நான் தனியாகத் திரும்பிவிடுவேன், அதற்குப் பிறகு எனக்கு எழுதச்சொல்லி யார் காலையும் பிடிக்காதே. கால் தரையில் நின்றால், எப்படி இருக்கிறாயோ அப்படியே கூட்டிப்போகிறேன். இவ்வளவுதான் கடிதம். அதே பதினேழாம் தேதிக்குத்தான் ஃபிட்ச் ஆய்வாளருக்கும் நாற்காலி போட்டிருந்தார்.

அன்று ஏழாயிரம் பேர். ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரமாகியும் நாற்றம் போகவில்லை. சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது ஊர் எப்படி நாறும் என்பது சிறுசுகளுக்கு அன்றுதான் தெரிந்தது. துணி உலர்த்தியிருந்த பெண்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். கான் ஓடினான், உருளும் பந்தைக் குனிந்து எடுத்தான், உதைத்தான், மோதினான், விழுந்தான். தாவவில்லை. தலைக்கு மேலே வந்த பந்தையெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகவிட்டான். பாதி ஆட்டத்தில் கிளேர்மான்ட் மூன்று கோல், நாங்கள் ஒன்று. நாற்காலியில் டிரெஸ்காட் ஏதோ எழுத, பக்கத்தில் ஃபிட்ச்சுக்குக் கழுத்து வியர்த்தது.

"தாவுடா நாயே!"

"பொண்டாட்டி முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கா. எப்படித் தாவுவான்?"

"ஏன்டி டீலியா, உனக்கு இத்தனை வருஷம் கழிச்சா மூக்கு மொளைச்சுது?"

டீலியா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொப்பியைக் கொண்டையோடு சேர்த்துக் குத்தும் ஆறங்குல ஊசியை ஆட்டத்தன்று உருவிக் கையில் வைத்துக்கொள்வார்கள். வேலியோரம் பந்தை எடுக்க வரும் எதிரணிக்காரன் தொடையில் அதை ஏற்றுவார்கள். தலைமுறையாக நடப்பது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சொந்த ஆட்டக்காரனை அதுவரை யாரும் தொட்டதில்லை. அன்று முதல் ஊசியை ஏற்றியவள் மிஸஸ் ஹொராகன். வலித்தால் துள்ளுவான், துள்ளினால் மூச்சை இழுப்பான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கான் துள்ளவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான், ஓடினான். அதற்குப் பிறகு வேலிப் பக்கம் அவன் வரும்போதெல்லாம் ஊசி. எட்டு வருடமாக அவன் புண்ணியத்தில் துணி உலர்த்தியவர்கள், அவன் இழுத்த காற்றில் பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்கள், ஒவ்வொருத்தியாகக் குத்தினார்கள். ஆண்கள் துப்பினார்கள். ஊரே வேலிக்கு வந்து துப்பியது. இதை எழுதுகிறவனும் துப்பினான். சரியாக அவன் காதுக்குக் கீழே பட்டது. குறி தவறவில்லை என்று அன்று சந்தோஷப்பட்டதையும் எழுதிவிடுகிறேன்.

கடைசி இரண்டு நிமிடத்தில் ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டது. ஓங்கி உதைத்த பந்து ஒன்று கிளேர்மான்டின் கோல் கம்பத்துக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது, அதன் அடியில் கான் மட்டும்தான். ஒரு முழம் எழும்பினால் போதும், பந்தும் கையில், ஆட்டமும் கையில், ஆய்வாளரின் ஒப்பமும் கையில். கான் அண்ணாந்து பார்த்தான். இரண்டு பூட்ஸையும் சேற்றில் அழுத்தி ஊன்றினான், கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டான். பந்து அவன் நெற்றியில் விழுந்து, தெறித்து, கிளேர்மான்ட்காரன் ஒருவன் கைக்குப் போனது. அவன் அதை எடுத்துக்கொண்டு ஓடும்போதே மணியடித்துவிட்டது.

கான் நேராக ரயில்பாதைப் பக்கத்து வேலிக்கு நடந்தான். டீலியா அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, கால்களிலும் இடுப்பிலும் நின்ற ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேலிக்கம்பில் வரிசையாகக் குத்திவைத்தாள். பத்தொன்பது ஊசி. சொந்தக்காரிகள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருப்பாள்.

"நடந்துதான் போகணும். ரயில்ல ஏத்தமாட்டாங்க," என்றான் கான்.

"எனக்கென்ன, கால் இல்லையா? நட."

அவன் நாற்றத்துக்குக் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அன்று அவனுக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான். கைனெடன் ஐம்பது மைலுக்கு மேல், நாலு நாள் ஆனதாம்.

அவர்கள் பாலத்தைத் தாண்டுவதற்குள் கழக அறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தொட்டி முதலாளிகள் ஏழு பேரும் பிணம் விழுந்த வீடுபோல் உட்கார்ந்திருக்க, டிரெஸ்காட் உள்ளே வந்தார். ஜன்னலுக்கு வெளியே ஃபிட்ச்சின் பசைக் கொப்பரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த இறைச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டு, வழக்கமான தாளை எடுத்து வழக்கமான வரியை எழுதினார். குறிப்பிடும்படி வாடை ஏதும் இல்லை.

ஃபிட்ச் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். "மிஸ்டர் டிரெஸ்காட், உங்களுக்கு... ஒண்ணும் வரலைங்களா?"

"என்ன வரணும்? ஆமா, நானே கேக்கணும்னு நெனச்சேன். இன்னைக்கு ஏன் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கறீங்க?"

"நாத்தம்ங்க."

"அப்படியா? பதினாறு வயசுல எனக்கு டைஃபாய்டு வந்துது. அதோட மூக்கு போச்சு. அதனாலதானே இந்த வேலைக்கு என்னைப் போட்டாங்க, மூக்கு இருக்கிறவன் எவன் வருவான்? கிளேர்மான்ட் ஆளுங்களும் கேக்கல, நீங்களும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அறையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். சாராயப் புட்டி திறந்தார்கள். ஒன்பது பருவம் ஒரு மனிதன் நெஞ்சில் அடைத்துக்கொண்டது எதற்கும் உதவாமல் போனதற்கு அன்று எங்கள் ஊரில் விருந்து நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கானுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் கழகத்தின் ஆண்டறிக்கையில் ஊருக்குத் துரோகம் செய்தவன் என்று அவன் பெயர் அச்சானது. குழுப் புகைப்படத்தில் அவன் முகத்துக்கு மேல் ஒரு செடித்தொட்டியை வரைந்தார்கள். இப்படிப்பட்ட ஊர் இது.

1893 ஜூலையில் ஓவன் ஸ்பில்லேன் பச்சைத்தோல் வாங்க கைனெடன் பக்கம் வண்டி ஓட்டிப் போனான். பத்து மாதமாகத் தொண்டையில் முள் சிக்கினவன்போலத் திரிந்துகொண்டிருந்தவன் அவன். ஊருக்கு வெளியே, அக்கம்பக்கத்தில் வேறு வீடில்லாத ஒரு குடிசை. கால் மைல் தூரத்திலேயே குதிரை நின்றுவிட்டது. ஓவன் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நடந்தான். முற்றத்தில் ஒரு நாற்காலியில் கான் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். இழுப்பது கொஞ்சம், விடுவது நெடுநேரம். அவன் வாய்க்கு நேரே இருந்த வேலிச்செடி கருகிக் கிடந்தது. இரண்டு பக்கத்துச் செடிகளும் பச்சையாக இருந்தன. திறந்திருந்த கதவு வழியாக ஓவன் பார்த்தபோது உள்ளே ஒரு கட்டில்தான் இருந்தது, அதில் தலையணை இரண்டு.

டீலியா படலுக்கு வந்தாள். உடம்பு தேறியிருந்தது. ஓவன் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான், டைஃபாய்டு, மூக்கு, விருந்து, எல்லாவற்றையும். அவள் கேட்டு முடித்தாள்.

"இதைச் சொல்லவா வந்தே?"

"அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், டீலியா."

"உன் மனசு லேசாகணும்னு இதையும் அவன் நெஞ்சுக்குள்ள எறக்கப் பாக்குறியா? வண்டியைத் திருப்பு."

அவன் திருப்பினான். திருப்பும்போது பார்த்தான். டீலியா முற்றத்துக்குப் போய்க் கான் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினாள். மூக்கைப் பொத்தவில்லை.

"யாரு வந்தது?" என்றான் கான்.

"தோல் வண்டிக்காரன். வழி கேட்டான்." கத்தியை நிறுத்தி, காற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "இப்ப வர்றது எந்த வருஷத்து நாத்தம்?"

"எண்பத்தேழு. ஆகஸ்டு."

"அதானே, தெரிஞ்ச நாத்தமா இருக்கேன்னு பார்த்தேன். அப்ப பக்கத்துல படுத்துக் கெடந்தேன்ல." அடுத்த கிழங்கை எடுத்தாள். "எண்பத்தாறு, எண்பத்தஞ்சு, எண்பத்துநாலு. இன்னும் மூணுதான். விடு."

கான் விட்டான்.